ஈசிஜி படிக்க எங்கிருந்து தொடங்குவது? கம்பியிலிருந்து

கேள்வி கேட்டவர் நர்சிங் முடித்து, சென்னையில் ஒரு மருத்துவமனை ஐசியூவில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. ரவுண்ட்ஸில் சீனியர்கள் ஒரு ஈசிஜியை நீட்டி "இது என்ன, சொல்லு பார்க்கலாம்" என்கிறார்களாம். இவருக்குக் கோடு கோடாகத் தெரிவதோடு சரி. எங்கே ஆரம்பிப்பது, எந்த வரிசையில் பார்ப்பது, நல்ல ஈசிஜிகளைச் சேர்த்து லேமினேட் பண்ணி வைத்துக்கொள்ளலாமா என்று மூன்று கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். கடைசிக் கேள்விக்கான பதிலை நான் கொஞ்சம் செலவழித்துத்தான் கற்றேன்.

முதலில் ஒன்று. நான் டாக்டர் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் ஈசிஜி டெக்னீஷியனாக இருந்தேன், இப்போது புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் என் பார்வை கம்பியை மாட்டுகிறவனின் பார்வை. அதுதான் உங்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நேராக மாரடைப்புப் படத்துக்குப் போகிறார்கள். எஸ்டி எலிவேஷன் (மாரடைப்பில் கோடு மேலேறி நிற்பது) எப்படி இருக்கும், வி.டி. (கீழறையிலிருந்து கிளம்பும் ஆபத்தான வேகத் துடிப்பு) எப்படி இருக்கும் என்று போனில் படம் படமாகப் பார்க்கிறார்கள். மறுநாள் வார்டில் வியர்வையில் ஆடிய ஒரு சாதாரண ஈசிஜி வந்தால் அதையும் வி.டி. என்று நினைத்து ஓடுகிறார்கள். தாளில் இருப்பதில் எது இதயம், எது வியர்வை, எது ஃபேன் என்று தெரியாமல் ஈசிஜி படிக்க முடியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, நீங்களே எடுப்பது. டெக்னீஷியன் வரட்டும் என்று காத்திருக்காமல், ஒரு மாதம் உங்கள் ஷிப்டில் வரும் ஈசிஜி எல்லாவற்றையும் கேட்டு வாங்கி எடுங்கள்.

கை கால் கம்பிகளுக்கு நம் ஊரில் அதிகம் புழங்கும் மெஷின்களில் சிக்னல் வரிசை: சிவப்பு, மஞ்சள், பச்சை. வலது கையில் தொடங்கி இடது கை, இடது கால் என்று சுற்றி வாருங்கள். மிச்சமிருக்கும் கறுப்பு வலது காலுக்கு. ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். அமெரிக்க முறை கம்பி கொண்ட மெஷினும் சில இடங்களில் உண்டு. அதில் வலது கைக்கு வெள்ளை, இடது கைக்கு கறுப்பு, இடது காலுக்கு சிவப்பு, வலது காலுக்கு பச்சை. ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கம்பி நுனியில் எழுத்து இருக்கும், அதைப் படித்து மாட்டுங்கள்.

கம்பி மாறினால் என்ன ஆகும் என்று எனக்குக் காட்டியது என் சொந்தத் தப்புதான். வேலைக்குச் சேர்ந்த புதிது, ராத்திரி டூட்டி, அரைத் தூக்கம். ஒரு பெரியவருக்குக் கை இரண்டையும் மாற்றி மாட்டிவிட்டேன். லீட் 1 முழுக்கத் தலைகீழ் (லீட் என்பது இதயத்தை ஒரு கோணத்திலிருந்து பார்த்து வரையும் படம், ஒரு தாளில் பன்னிரண்டு): ஒரு துடிப்பின் அலைகளான பி, கியூஆர்எஸ், டி மூன்றும் கீழ்நோக்கி. எப்போதும் கவிழ்ந்திருக்க வேண்டிய ஏவிஆர் என்ற லீட் நிமிர்ந்து நிற்கிறது. டூட்டி டாக்டரும் புதியவர். இதயம் வலது பக்கம் இருக்கிறதோ என்று எழுதவே போய்விட்டார். அந்தப் பக்கமாக வந்த ஒரு சீனியர் சிஸ்டர் தாளை ஒரு தடவை பார்த்துவிட்டு, "வி1-லிருந்து வி6 வரை ஒழுங்காத்தானே வளருது? இதயம் எங்கேயும் போகல. கையை மாத்தி மாட்டியிருக்கு, போய்ப் பாரு" என்றார். இதயம் உண்மையிலேயே வலப்பக்கம் இருந்தால் வி1 முதல் வி6 வரையிலான மார்பு லீடுகளில் அலை வி6-ஐ நோக்கிப் போகப் போகச் சின்னதாகிக்கொண்டே போகும். அன்றிலிருந்து எந்த ஈசிஜியை எடுத்தாலும் அலைகளில் என் கண் முதலில் போவது லீட் 1-க்கும் ஏவிஆருக்கும்தான்.

மார்பில் ஆறு கம்பி. அதிகமாக நடக்கும் தவறு வி1, வி2 இரண்டையும் மேலே தூக்கி வைப்பது. கண்ணால் குத்துமதிப்பாக வைக்காதீர்கள், விரலால் எண்ணுங்கள். தொண்டைக் குழியிலிருந்து மார்பெலும்பின் மேல் விரலை இறக்கினால் ஒரு மேடு தட்டும். அதன் பக்கத்தில் இருப்பது இரண்டாவது விலா, அதற்குக் கீழே இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து எண்ணி நான்காவது இடைவெளிக்கு வாருங்கள். மார்பெலும்பின் வலது ஓரம் வி1, இடது ஓரம் வி2. பிறகு வி3-ஐ விட்டுவிட்டு முதலில் வி4: ஐந்தாவது இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து நேர் கீழே. வி2-க்கும் வி4-க்கும் நடுவில் வி3. வி4 இருக்கும் அதே மட்டத்தில், அக்குளின் முன்கோட்டில் வி5, நடுக்கோட்டில் வி6. விலா வளைகிறதே என்று வி6-ஐ மேலே ஏற்றாதீர்கள். வி1, வி2 ஒரு இடைவெளி மேலே போனாலே, நல்ல இதயத்தில் இல்லாத வலது பண்டில் பிளாக் (வலது கீழறைக்கு மின்சாரம் போகும் பாதையில் தடை) மாதிரி ஒரு வடிவமும் கவிழ்ந்த டி அலையும் வந்து நிற்கும். பிறகு எக்கோ ஸ்கேன், ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை என்று அந்தக் குடும்பத்துக்கு வீண் செலவு.

பெண்களுக்கு எடுக்கும்போது திரையை இழுத்துவிட்டு, கையால் அல்ல, புறங்கையால் மார்பகத்தை மெல்லத் தூக்கி, அதன் அடியில் வி4-ஐ வையுங்கள். கூச்சப்பட்டு மேலே வைத்துவிட்டு வருவது நோயாளிக்குச் செய்யும் மரியாதை ஆகாது. இன்னொன்று, தாலியைக் கழற்றச் சொல்லாதீர்கள். பாதிப் பெண்கள் அந்தச் சொல்லைக் கேட்டதுமே படபடத்துப் போவார்கள், அதுவும் ஈசிஜியில் தெரியும். உலோகம் எலக்ட்ரோடில் படாமல் இருந்தால் போதும். சங்கிலியைத் தோள் பக்கம் ஒதுக்கிவிடுங்கள். கொலுசும் வளையலும் அப்படியே இருக்கட்டும், கிளாம்பைக் கொஞ்சம் தள்ளி மாட்டுங்கள். கையில் எந்த இடத்தில் மாட்டினாலும் பெரிய வித்தியாசம் வராது. மின்சாரத்தைப் பொறுத்தவரை கையும் காலும் உடம்பிலிருந்து நீளும் கம்பிகள் மாதிரிதான். 1903-ல் டச்சு மருத்துவர் ஐந்தோவன் தன் ஈசிஜி கருவியைப் பற்றி எழுதிய காலத்தில் ஜெல்லியும் இல்லை, கிளாம்பும் இல்லை. நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர்த் தொட்டிகளில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மெஷின் எடை ஏறத்தாழ 270 கிலோ. அந்த மனிதர் வைத்த பி, கியூ, ஆர், எஸ், டி என்ற எழுத்துகளைத்தான் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 1924-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இனி குப்பையைப் பற்றி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது ஈசிஜிக்குள் புகுந்தால் கோடு சீப்புப் பல் மாதிரி ஒரே சீராகத் தடித்துவிடும். உற்றுப் பார்த்தால் ஒரு பெரிய கட்டத்துக்குள் சரியாகப் பத்துப் பல் இருக்கும். தலைமாட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் போனைப் பிடுங்குங்கள், டேபிள் ஃபேனைத் தள்ளி வையுங்கள், ஜெல்லி காய்ந்துவிட்டதா பாருங்கள். சீராக இல்லாமல் புல் முளைத்த மாதிரி இருந்தால் அது தசை நடுக்கம். மே மாத வெயிலில் வந்தவரை 20 டிகிரி ஏசியில் சட்டையைக் கழற்றிப் படுக்க வைத்தால் நடுங்காமல் என்ன செய்வார்? போர்வையைப் போத்தி, இரண்டு நிமிஷம் பேச்சுக் கொடுத்துவிட்டு எடுங்கள். கோடு மொத்தமாக மேலும் கீழும் மிதந்தால் மூச்சு, அல்லது வியர்வையில் நழுவிய எலக்ட்ரோடு. பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள். இதையெல்லாம் ஃபில்டர் பட்டனை அழுத்திச் சரிசெய்யலாம் என்பார்கள். அழுத்தினால் கோடு அழகாகிவிடும், எஸ்டி பகுதியின் உயரமும் சேர்ந்து மாறிவிடலாம். நான் ஃபில்டரைக் கடைசியில்தான் தொடுவேன்.

சரி, தாள் கைக்கு வந்துவிட்டது. மேலே மெஷின் அச்சடித்திருக்கும் வாசகத்தை முதலில் கட்டைவிரலால் மறைத்துக்கொள்ளுங்கள். நடுக்கத்தை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது) என்று எழுதும் அது. சில சமயம் நாம் விட்டதைப் பிடித்தும் கொடுக்கும். அதனால் நீங்கள் படித்து முடித்த பிறகு அதைப் பார்க்கலாம். முன்னால் பார்த்தால் உங்கள் கண் அதற்கு அடிமை.

ஈசிஜி தாள் என்பது பள்ளிக்கூட கிராஃப் தாள்தான். சின்னக் கட்டம் 1 மில்லிமீட்டர். வழக்கமான வேகம் விநாடிக்கு 25 மில்லிமீட்டர், ஆகவே சின்னக் கட்டம் ஒன்று 0.04 விநாடி, ஐந்து சேர்ந்த பெரிய கட்டம் 0.2 விநாடி. உயரத்தில் 10 மில்லிமீட்டர் என்பது 1 மில்லிவோல்ட். தாளின் ஓரத்தில் கதவுச் சட்டம் மாதிரி ஒரு வடிவம் வருமே, அது இரண்டு பெரிய கட்ட உயரம் இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது பாதி அளவில் வைத்துவிட்டுப் போயிருந்தால் எல்லா அலையும் பாதியாகிவிடும், தடித்த கீழறைகூட சாதாரணமாகத் தெரியும். வேகத்தை 50 என்று மாற்றிவிட்டுப் போயிருந்தால் 80 துடிப்பு 40 மாதிரி தெரியும். நாடியைப் பிடித்துப் பார்த்தால் அரை நிமிஷத்தில் வெளுத்துவிடும்.

அலைகளின் கதை சின்னது. மேலறையின் உச்சியில் இருக்கும் எஸ்ஏ நோடு பொறியைத் தட்டுகிறது. அது மேலறைகளில் பரவுவது பி அலை. பிறகு ஏவி நோடில் கொஞ்சம் நிற்கிறது. மேலறை தன் ரத்தத்தைக் கீழறைக்குள் ஊற்றி முடிக்க அந்த அவகாசம் வேண்டும். பி தொடங்கும் இடத்திலிருந்து கியூஆர்எஸ் தொடங்கும் இடம் வரை பிஆர் இடைவெளி, மூன்றிலிருந்து ஐந்து சின்னக் கட்டம். கீழறைகள் மொத்தமாக மின்சாரம் ஏறுவது கியூஆர்எஸ் (அதில் மேலே போகும் உச்சி ஆர், அதன் பின் கீழே இறங்குவது எஸ்), மூன்று சின்னக் கட்டத்துக்குள் முடிந்துவிட வேண்டும். கீழறை பழைய நிலைக்குத் திரும்புவது டி அலை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோடு எஸ்டி. கியூஆர்எஸ் தொடங்கும் இடத்திலிருந்து டி முடியும் இடம் வரை கியூடி. இவ்வளவுதான்.

பிறகு ஏன் பன்னிரண்டு படம் என்று எல்லோரும் கேட்பார்கள். மயிலாப்பூரில் பங்குனித் தேரைப் பார்த்திருப்பீர்கள். மாட வீதியின் ஒரு முனையில் நிற்பவருக்குத் தேர் தன்னை நோக்கி வருகிறது. அதே வீதியின் மறுமுனையில் நிற்பவருக்கு அது விலகிப் போகிறது. நடுவில் ஒரு வீட்டுத் திண்ணையில் நிற்பவருக்கு வந்து, கடந்து, போகிறது. தேர் ஒன்றுதான். ஈசிஜியில் மின்சாரம் தன்னை நோக்கி வந்தால் அந்த லீட் மேல்நோக்கி வரையும், விலகிப் போனால் கீழ்நோக்கி வரையும், குறுக்கே போனால் கொஞ்சம் மேலே கொஞ்சம் கீழே. இதயத்தின் மொத்த ஓட்டம் வலது தோளிலிருந்து இடது கீழ்ப்பக்கம். வலது தோளில் நிற்கும் ஏவிஆர் எப்போதும் தேரின் முதுகைத்தான் பார்க்கிறது, அதனால் எல்லாம் கவிழ்ந்திருக்கிறது. லீட் 2 எதிரே நிற்கிறது, அதனால் நிமிர்ந்திருக்கிறது. வி1-ல் சின்ன ஆரும் ஆழமான எஸ்ஸும் இருக்கும், வி6-க்கு வரும்போது ஆர் ஓங்கி எஸ் தேய்ந்துவிடும், வி3 வி4 வாக்கில் இரண்டும் சமமாகும். இது புரிந்துவிட்டால் மனப்பாடம் பாதி குறையும். ஆக்ஸிஸ் (மின்சாரத்தின் மொத்தத் திசை) கணக்கு எல்லோரையும் பயமுறுத்தும். இப்போதைக்கு லீட் 1, ஏவிஎஃப் இரண்டிலும் கியூஆர்எஸ் நிமிர்ந்திருந்தால் சரி என்று வைத்துக்கொண்டு மேலே போங்கள். பாகைக் கணக்கு ஆறு மாதம் கழித்துப் படிக்கலாம்.

இப்போது வரிசை. நான் பார்ப்பது இப்படி: பெயர், வயது, நேரம், நெஞ்சு வலி உண்டா இல்லையா. அளவுக்குறி, அதாவது அந்தக் கதவுச் சட்டம். லீட் 1, ஏவிஆர். பிறகு துடிப்பு எண்ணிக்கை, சீராக வருகிறதா, ஒவ்வொரு கியூஆர்எஸ்ஸுக்கும் முன்னால் பி இருக்கிறதா, பிஆர், கியூஆர்எஸ் அகலம், எஸ்டி, டி, கடைசியில் கியூடி. பழைய ஈசிஜி இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. எவ்வளவு அவசரமானாலும் இந்த வரிசையை மாற்ற மாட்டேன். கண்ணைப் பறிக்கும் ஒன்று தாளில் இருக்கும்போதுதான் அதற்குப் பக்கத்தில் இருப்பது தப்பிப் போகிறது.

எண்ணிக்கைக்கு, இரண்டு ஆர் உச்சிகளுக்கு நடுவில் எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி 300-ஐ அதனால் வகுங்கள். நான்கு கட்டம் என்றால் 75, மூன்று என்றால் 100, ஐந்து என்றால் 60. சீராக இல்லாத துடிப்புக்கு இது உதவாது. கீழே ஓடும் ரிதம் ஸ்ட்ரிப்பில் 30 பெரிய கட்டத்துக்குள், அதாவது 6 விநாடிக்குள், எத்தனை கியூஆர்எஸ் என்று எண்ணிப் பத்தால் பெருக்குங்கள்.

சீரா என்று பார்க்க ஒரு துண்டு வெள்ளைத் தாள் போதும். அதன் விளிம்பை ஸ்ட்ரிப்பின் மேல் வைத்து, மூன்று ஆர் உச்சிக்கு நேராகப் பென்சிலால் மூன்று புள்ளி. தாளை நகர்த்தி அடுத்த மூன்றின் மேல் வையுங்கள். புள்ளிகள் பொருந்தினால் சீர். எங்கே வைத்தாலும் பொருந்தவில்லை, பி அலையும் காணோம், அடிக்கோடு மட்டும் நடுங்குகிறது என்றால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். சின்ன வயதில் காய்ச்சலும் மூட்டு வலியும் வந்து வால்வு சுருங்கிப்போன பெண்களிடம் இதை நம் வார்டுகளில் நிறையப் பார்ப்பீர்கள். அதே துண்டுத் தாளால் பி அலைகளையும் தனியாக அளந்து பாருங்கள். பிஆர் ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, ஒரு கியூஆர்எஸ் விழாமல் போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் ஒரு வகை பிளாக் (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் போவதில் தடை). பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை, சொன்னால் போதும். நீளாமலேயே திடீரென்று ஒன்று விழாமல் போனால் அது மோசமான வகை. பி தன் பாட்டுக்கு ஒரு தாளத்தில், கியூஆர்எஸ் தன் பாட்டுக்கு மெதுவாக இன்னொரு தாளத்தில், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றால் முழு பிளாக். டாக்டரைக் கூப்பிட்டுவிட்டுப் பேஸ்மேக்கர் தட்டை எடுத்து வையுங்கள்.

அகலமான கியூஆர்எஸ், வேகமான துடிப்பு இரண்டும் சேர்ந்திருந்தால் தாளைக் கீழே வைத்துவிட்டு நோயாளியைப் பாருங்கள். வேறு என்று நிரூபணமாகும் வரை அது வி.டி.தான். பேசுகிறாரா, பிபி என்ன, டிஃபிப் (ஷாக் கொடுக்கும் மெஷின்) எங்கே? வகைப்படுத்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மெதுவான அகலம் என்றால் வி1-ஐப் பாருங்கள். முயல் காது மாதிரி இரண்டு உச்சி இருந்தால் வலது பண்டில் பிளாக். வி1 முழுக்கக் கீழே இறங்கி, வி6-ல் உச்சி அகலமாகப் பிளந்திருந்தால் இடது. இடது பக்கத்து பிளாக் இருக்கும்போது எஸ்டியை வழக்கம்போல் படிக்க முடியாது. அதை டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

எஸ்டிக்கு வருவோம். கியூஆர்எஸ் முடிந்து கோடு திரும்பும் முனையை, பி-க்கு முன்னால் இருக்கும் தட்டையான கோட்டோடு ஒப்பிடுங்கள். அடுத்தடுத்த இரண்டு லீடுகளில் 1 மில்லிமீட்டருக்கு மேல் ஏறியிருந்தால் சந்தேகம். வி2, வி3-ல் மட்டும் கொஞ்சம் ஏற்றம் இயல்பாகவே இருக்கும் என்பதால் 40 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு 2 மில்லிமீட்டர், அதற்குக் கீழே உள்ள ஆண்களுக்கு 2.5, பெண்களுக்கு 1.5 என்று அளவை உயர்த்தி வைத்திருக்கிறார்கள். "அடுத்தடுத்த" என்பது தாளில் அடுத்தடுத்து இருப்பது அல்ல, இதயத்தில் அடுத்தடுத்து இருப்பது. லீட் 2, லீட் 3, ஏவிஎஃப் மூன்றும் அடிப்பக்கம். லீட் 1, ஏவிஎல், வி5, வி6 பக்கவாட்டு. வி1-லிருந்து வி4 வரை முன்பக்கம். ஒரு பக்கம் ஏறியிருந்தால் எதிர்ப்பக்கம் இறங்கியிருக்கிறதா என்று தேடுங்கள். லீட் 3-ல் ஏற்றம், ஏவிஎல்லில் இறக்கம் என்றால் கிட்டத்தட்ட உறுதி.

இதை ஒரு ஆளை வைத்தே சொல்கிறேன். ஐம்பது வயது இருக்கும், கோயம்பேட்டில் மூட்டை இறக்குகிறவர். விடியற்காலை மேல்வயிற்றில் எரிச்சல், கேஸ் என்று நினைத்து சோடா குடித்துவிட்டு, வியர்த்து வழிய வந்தார். வந்தவுடன் முதல் ஈசிஜி எடுத்தேன். நெஞ்சு வலி என்று வருகிறவருக்குப் பத்து நிமிஷத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது விதி. வயிறு என்று சொல்லி வியர்த்து வந்தாலும் எனக்கு அதே விதிதான். முதல் தாளில் லீட் 3-ல் இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி ஓர் ஏற்றம். ஏவிஎல்லில் டி அலை மட்டும் லேசாகக் கவிழ்ந்திருந்தது. அவ்வளவுதான். கூட வந்தவர் "நார்மல்தானே, ஊசி போட்டு அனுப்பிடுங்க" என்றார். டாக்டர் சம்மதிக்கவில்லை. கம்பியைக் கழற்றாமல் அப்படியே வைத்து இருபது நிமிஷத்தில் இன்னொன்று எடுக்கச் சொன்னார். இரண்டாவது தாளில் லீட் 2, 3, ஏவிஎஃப் மூன்றிலும் கோடு மேடேறி நின்றது, லீட் 3-ல் லீட் 2-ஐ விட அதிகம். இதயத்தின் வலது ரத்தக் குழாய் அடைப்பு என்று பெரும்பாலும் அதற்கு அர்த்தம். உடனே வி4-ஐ எடுத்து அதே மட்டத்தில் வலது மார்பில் வைத்து இன்னொன்று. வலது கீழறையும் சேர்ந்து அடிபட்டிருந்தால் அங்கேயும் ஏறியிருக்கும். அப்போது நாக்கடியில் வைக்கும் மாத்திரை பிபியை அப்படியே படுக்க வைத்துவிடும். அவருக்கு ஏறியிருந்தது. மாத்திரை கொடுக்கவில்லை, சலைன் ஏற்றி, அடைப்பை நீக்கும் கேத் லேபுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அந்த மூன்று தாளையும் இன்றும் வகுப்பில் வரைந்து காட்டுகிறேன். முதல் தாளை மட்டும் பார்த்தவர்கள் யாரும் இதுவரை சரியாகச் சொன்னதில்லை. ஈசிஜி என்பது பத்து விநாடி. அந்தப் பத்து விநாடியில் எதுவும் தெரியவில்லை என்பதால் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது, அதிலும் சர்க்கரைக்காரர்களிடமும் பெண்களிடமும்.

வி1-லிருந்து வி3 வரை எஸ்டி கீழே இறங்கியிருந்தாலும் அலட்சியம் வேண்டாம். முதுகுப் பக்கம் ஏறியிருப்பதன் பிம்பமாக இருக்கலாம். தோள்பட்டை எலும்புக்குக் கீழே, வி6 மட்டத்தில் இன்னும் மூன்று கம்பி வைத்து எடுத்துப் பாருங்கள். மாறாக, வலியே இல்லாத இருபது வயதுப் பையனுக்குப் பல லீடுகளில் சிரித்த வாய் மாதிரி லேசாக ஏறியிருந்தால் அது பெரும்பாலும் அவன் உடல்வாகு.

ஐசியூவில் இன்னொரு படத்தை நீங்கள் அடிக்கடி சந்திப்பீர்கள்: பொட்டாசியம் ஏறிய ஈசிஜி. டயாலிசிஸ் ஒரு தடவை தவறவிட்டவர், வெயில் தாங்காமல் இரண்டு இளநீர் குடித்துவிட்டு வந்திருப்பார். நல்லதுதானே என்று வீட்டில் கொடுத்திருப்பார்கள். டி அலை குறுகிய அடியும் கூரான நுனியுமாகக் கூடாரம் போல் நிற்கும். இன்னும் ஏறினால் பி தட்டையாகிக் காணாமல் போகும், கியூஆர்எஸ் அகலும், கடைசியில் எது கியூஆர்எஸ் எது டி என்றே பிரிக்க முடியாத ஒரு பெரிய அலை. ரத்த ரிப்போர்ட் வரும் வரை உட்கார்ந்திருக்க முடியாத ஈசிஜி இது. டாக்டர் கால்சியம் குளுக்கோனேட் கேட்பார், கேட்கும்போது அது கையில் இருக்க வேண்டும். மருந்து உள்ளே போகப் போக மானிட்டரில் அகலம் குறைவதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் மறக்காது.

எவ்வளவு நாள் ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். ஒரு நாளைக்குப் பத்து ஈசிஜி, அதில் எட்டு நார்மலாக இருக்கட்டும். நார்மலே எத்தனை விதம் என்று கண்ணுக்குப் பழக வேண்டும்: குண்டானவர், ஒல்லியானவர், குழந்தை, எண்பது வயதுப் பாட்டி. தினமும் ஒன்றைப் பார்த்து கிராஃப் நோட்டில் பென்சிலால் வரையுங்கள். கை வரையும்போதுதான் பிஆர் நான்கு கட்டமா ஐந்தா என்று கண் நிஜமாகப் பார்க்கிறது. ஒரு மாதத்தில் சீனியர் நீட்டும் தாளில் "இது நார்மல்", "இது நார்மல் இல்லை, ஆனால் என்னவென்று தெரியவில்லை" என்று தைரியமாகச் சொல்ல வரும். ஐசியூ நர்ஸுக்கு அந்த இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். பெயர் தெரியாமல் போனாலும், எதற்குக் குரல் கொடுத்துக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்திருக்கிறதே.

கடைசியாக, லேமினேஷன். வேண்டாம். ஈசிஜி தாள் பெரும்பாலும் சூட்டில் கறுக்கும் தாள். மெஷினில் மை கிடையாது, சூடான முனைதான் எழுதுகிறது. லேமினேட் மெஷினும் சூட்டில்தான் ஒட்டுகிறது. நான் ஐந்து வருடம் சேர்த்த நாற்பது தாளை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, முதல் பத்தை வாங்கிப் பார்த்தபோது பளபளவென்று கறுப்புத் தகடு பத்து இருந்தது. கடைக்காரர் அதற்கும் காசு வாங்கிக்கொண்டார். சும்மா வைத்தாலும் சென்னை வெயிலுக்கு இரண்டு மூன்று வருடத்தில் வெளுக்கத் தொடங்கிவிடும். பெயரையும் ஐபி நம்பரையும் மறைத்து ஜெராக்ஸ் எடுத்து, பின்பக்கத்தில் வயது, என்ன சொல்லிக்கொண்டு வந்தார், கடைசியில் என்ன ஆனது என்று மூன்று வரி எழுதிக் கோப்பில் போடுங்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டு எடுங்கள்.